இடும்பன்77

அப்பாஸியாவில் மூன்றாம் மாடி,
நாலு பேர் அறை, மேல் கட்டில் எனக்கு.
நைட் டூட்டி முடிந்து வந்து
காலை எட்டுக்குத் திரையை இழுத்துவிட்டால்
குவைத் அணைந்துவிடும்.
சார்ஜர் வயர் மட்டும் வெளியே தொங்கும்,
யாரும் மாற்ற மறந்த டிரிப் போல.

உனக்கு ரொம்பப் பிடித்த கேம் எது
என்று கேட்கிறாள் பியூலா, முட்டை உரித்தபடி.
அவளுக்குத் தெரிந்தது மிட்டாய் உடைப்பது.
இது அப்படியில்லை பியூலா.
இதில் பத்தாயிரம் பேர் ஒரே ஊரில் இருக்கிறோம்,
ஒருத்தருக்கும் இகாமா கிடையாது.

முதலில் ‘ஏழாம் துறைமுகம்’.
லைசென்ஸ் வராமல் சும்மா கிடந்த மாதங்களில் ஆடியது.
சண்டை போடவே வேண்டாம்.
மீன் பிடிக்கலாம், உப்பு விற்கலாம்.
ஒரு கப்பலுக்காக எட்டு மாதம் உப்பு விற்றேன்.
வாங்கிய மறுவாரம் கம்பெனி கடையைச் சாத்திற்று.
கடைசி ராத்திரி எல்லோரும் துறைமுகத்தில் கூடினோம்.
பிரேசில்காரன் ஒருவன் வாணம் விட்டான்.
மூன்று, இரண்டு என்று எண்ணினோம்,
ஒன்று வருவதற்குள்
‘இணைப்பு இல்லை’.
நாற்பது மூட்டை உப்பு அப்படியே நின்றுபோயிற்று.

அடுத்ததன் பெயர் வேண்டாம்.
காசு பிடுங்கிக் கழுதை.
ஒரு ஜோடி இறக்கைக்குப் பதினோரு தினார் கட்டியதை
எங்கள் வீட்டில் சொல்லிவிடாதே.

இப்போது ‘சாம்பல் கோட்டை’.
சேர்ந்த அன்றே கேட்டார்கள், என்ன வேலை தெரியும்?
நர்ஸ் என்றிருந்தால் வெள்ளைக் கோலைக் கொடுத்துப்
பின்வரிசையில் நிறுத்தியிருப்பார்கள்.
பன்னிரண்டு மணி நேரம் அதைத்தானே செய்கிறேன்.
ஆகவே கோடாலி.
ஏழடி உயரம், தாடி, நெற்றியில் வெட்டுத் தழும்பு,
பெயர் இடும்பன்77.
(வெறும் இடும்பனை யாரோ முன்பே எடுத்துவிட்டார்கள்.)
என் வேலை அடி வாங்குவது.
திட்டுவதற்கென்றே ஒரு பட்டன் உண்டு,
அழுத்தினால் இருபது பூதமும்
மற்றவர்களை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பும்.
ஆஸ்பத்திரியில் எனக்குப் பட்டன் இல்லாமலே திரும்புகிறார்கள்.

எனக்கு வைத்தியம் பார்ப்பவன் நண்டுக்கால்.
சால்மியாவில் பைக்கில் சாப்பாடு கொடுக்கிறவன்.
வேறெதுவும் தெரியாது.
மைக்கில் பேசுங்க என்பான். ரிப்பேர் என்று டைப் செய்வேன்.
இரண்டு வருடமாக ரிப்பேர்.
ஆர்டர் வந்தால் ஓடுவான்,
யாரோ ஒருவருக்கு மந்தி போய்ச் சேரும்வரை
ராட்சசனின் குகை வாசலில்
பதினான்கு பேர் ஆயுதத்தோடு நிற்போம்.

ஜூனில் எதிர்க் கட்டடம் தெரியாமல் தூசி அடித்ததே,
அந்த வியாழன்,
‘வந்துடறேன்’ என்றான்.
வெள்ளி வரவில்லை. சனி வரவில்லை.
அப்புறம் எண்ண ஆரம்பித்தேன்.

கேஷுவால்டிக்கு ஹெல்மெட்டோடு வருகிற ஒவ்வொருவனிடமும்
பெயர் கேட்டேன், வயது கேட்டேன், சுகர் கேட்டேன்.
கேட்க வேண்டியதை எப்படிக் கேட்பது?
‘உங்களுக்கு நண்டு…’ என்று ஒருவனிடம் ஆரம்பித்து
‘ஒத்துக்காதா?’ என்று முடித்து
சார்ட்டில் எழுதியும் வைத்தேன்.
பாவம், அவன் இனி குவைத்தில் நண்டு தின்ன முடியாது.

கோட்டைக்குப் புது வைத்தியன் வந்தான்,
ஜோர்தான்காரன், ரொம்பக் கெட்டிக்காரன்.
நான் செத்துக்கொண்டே இருந்தேன்.

நேற்று, இருபதாம் நாள்:
‘அண்ணே, பைக்கைப் பிடிச்சு வெச்சுட்டாங்க.
ரீசார்ஜுக்கும் காசில்ல.’
கை தளர்ந்து போன் மூக்கில் விழுந்தது.
இதோ பார், இந்தச் சிவப்பு அதுதான்.

மைக் படத்தின் மேல் விரலை வைத்தேன்.
ஒரு தட்டுத் தட்டினால் போதும்.
‘அண்ணே, கோவமா?’
‘ஆமா. உள்ள வா’ என்று டைப் செய்தேன்.
கதவு திறந்தது.
பட்டனை அழுத்தினேன், இருபது முகமும் திரும்பிற்று,
முதுகுப் பக்கமிருந்து பச்சை எண்கள் ஏறின,
முந்நூறு, முந்நூறு,
அவன் எப்போதும் போல
அரை நொடி தாமதமாக.

அந்த முட்டையில் ஒன்றை மேலே கொடு பியூலா.
நாலு மணிக்கு எழுப்பிவிடு.